மிசின் வேலை

"தாத்தா என்ன வேலை பார்த்தாரு?" என்று யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: "மிசின் வேலை." மேலும் துருவினால் "தையல் மிசின்" என்று பாட்டி முடித்துவிடுவார். கேட்டவர்கள் சட்டை தைப்பவர் என்று எடுத்துக்கொண்டு போவார்கள். பாட்டி பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான்.

தாத்தா தைத்தது தோல். தைப்பிங்கில் ஒரு கடைவரிசையின் அஞ்சடியில், தூணோரமாக உட்கார்ந்திருந்தார். செருப்பும் பெல்ட்டும் தைத்தார் என்றாலும், அவரைத் தேடி ஆள் வந்தது கைப்பிடிக்காக. தோட்டத்துக் கிராணியின் பை, டிரஸரின் மருந்துப் பை, ஆசிரியர்களின் பை எல்லாவற்றிலும் முதலில் அறுந்து போவது கைப்பிடிதான். உள்ளே கயிறு வைத்து, மேலே தோல் சுற்றி, உருண்டையாகத் தைத்த கைப்பிடியைத் தாத்தா போல அந்த வட்டாரத்தில் யாரும் செய்யவில்லை என்பார் அப்பா. அதையும் மிகத் தாமதமாகத்தான் சொன்னார்.

சென்ற ஆண்டு அப்பாவின் சாமான் அறையைக் காலி செய்தபோது கித்தான் துணிக்கு அடியில் அந்த மிசின் இருந்தது. கறுப்பு உடல், நீண்டு ஒல்லியான கை, மிதிப்பலகை. சிங்கர் 29கே. நான் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். சோழர் படையெடுப்பையும் மலாக்கா வீழ்ச்சியையும் முப்பது வருடம் நடத்தியவனுக்குத் தன் வீட்டு மூலையில் கிடந்த இரும்பின் வரலாறு தெரியவில்லை. அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

முதல் செய்தியே என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. தையல் இயந்திரத்துக்கான முதல் முழுமையான வரைபடம் தோலை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. 1790இல் லண்டனைச் சேர்ந்த தாமஸ் செயிண்ட் என்ற மரவேலைக்காரர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பசை, வார்னிஷ் என்று வேறு பலவற்றோடு சேர்ந்து அதுவும் ஒரே காப்புரிமைக்குள் இருந்ததால் எண்பது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 1870களில் வில்லியம் நியூட்டன் வில்சன் என்பவர் அதைக் கண்டெடுத்துச் சில திருத்தங்களோடு செய்து பார்த்தார். அந்த மாதிரி இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செயிண்டின் இயந்திரத்தில் ஊசிக்கு முன்னால் ஒரு குத்தூசி இறங்கும். அது ஓட்டை போட்ட பிறகு நூல் உள்ளே போகும். செருப்புத் தைப்பவர் காலங்காலமாகக் கையால் செய்ததை அப்படியே இரும்புக்கு மாற்றியிருக்கிறார். தையல் இயந்திரத்தின் பாட்டனார் ஒரு செம்மான் என்று சொன்னால் பெரிய தவறில்லை.

பிறகு வந்தவை துணியின் பக்கம் போயின. பிரான்சில் பார்தெலெமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்றார். ராணுவச் சீருடை தைத்த அவருடைய பட்டறையை, பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையல்காரர்கள் 1831இல் அடித்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல், நுனியில் காதுள்ள ஊசியையும் கீழிருந்து வரும் இரண்டாவது நூலையும் சேர்த்து இயங்கும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851இல் வந்தார். அவருடைய நிறுவனம் தவணைக்கு மிசின் விற்றது. ஒரே நேரத்தில் மொத்தப் பணம் புரட்ட முடியாத வீடுகளுக்குள்ளும் மிசின் நுழைந்தது அப்படித்தான். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் 1885இல் திறந்த கில்போவி ஆலைதான் 29கேயில் இருக்கும் அந்தக் 'கே'. ஆலை 1980இல் மூடப்பட்டது. மிசின்கள் மூடவில்லை. சீனாவில் செய்த நகல்கள் இன்றும் விற்கின்றன.

சட்டை தைக்கும் மிசினில் துணியை நகர்த்துவது கீழே இருக்கும் பற்கள். 29கேயில் ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் பாதமே தோலைக் கவ்வி, ஓர் அடி எடுத்து வைக்கிறது. அந்தப் பாதத்தை எந்தத் திசைக்கும் திருப்பலாம். தோலைத் திருப்ப முடியாத இடத்தில் மிசினே திரும்பிக்கொள்ளும். கை ஒல்லியாக இருப்பதால் பைக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் நுழையும். பழுதுபார்ப்பதற்கென்றே பிறந்த மிசின் இது. உருண்டைக் கைப்பிடிக்கு இது அவ்வளவு பொருத்தமில்லை என்பதுதான் வேடிக்கை.

காரணத்தை அப்பா காட்டினார். தோலை நீளமாக வெட்டி, இரண்டு ஓரத்தையும் கத்தியால் சீவி மெல்லிசாக்க வேண்டும். சொல்யூஷன் தடவி, காய்ந்த பிறகு நடுவில் பருத்திக் கயிறு வைத்து மடிக்க வேண்டும். நேராக ஒட்டினால் பின்னால் வளைக்கும்போது உட்பக்கம் சுருங்கிவிடும். அதனால் ஒட்டும்போதே வளைத்துப் பிடிக்க வேண்டும். கயிற்றின் இரு நுனிகளையும் கூராக்கி முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் பையோடு சேரும் இடம் தட்டையாக இருக்கும். அதற்குப் பிறகுதான் தையல். கயிறு புடைத்திருக்கும் மேட்டை ஒட்டியே ஊசி போக வேண்டும். பாதம் அந்த மேட்டில் ஏறினால் தையல் கோணும். பயந்து தள்ளித் தைத்தால் உள்ளே கயிறு லொடலொடவென்று கிடக்கும், கைப்பிடி முறுக்கிக்கொள்ளும். தாத்தா பாதத்தின் ஒரு பக்கத்தை அரத்தால் ராவி எடுத்திருந்தார். மேட்டின் பக்கம் பாதமே இல்லாதபடி. தொழிற்சாலைகளில் இன்று இதற்கென்று ஒருபக்கப் பாதங்களும், ஊசியும் பாதமும் சேர்ந்தே நடக்கும் உருளைக்கை மிசின்களும் இருக்கின்றன. தாத்தாவிடம் இருந்தது ஓர் அரம்.

"துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். தோல்ல விழுந்த ஓட்டை விழுந்ததுதான்" என்றார் அப்பா. நான் தைத்த முதல் கைப்பிடியில் அப்படி விழுந்த ஓட்டைகளை இன்னும் எண்ணலாம்.

ஏன் இதையெல்லாம் எங்களுக்கு மறைத்தீர்கள் என்று அன்றுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மறைக்கல. யாரும் கேக்காத மாதிரி பாத்துக்கிட்டோம்" என்றார்.

தாத்தாவின் அப்பா ஊரில் கமலைக்குத் தோல் தைத்தவர். மாடு கட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கமலையில், நீரை வாய்க்காலில் கொட்டும் பகுதி தோலால் ஆனது. அது கிழிந்தால் வயல் காயும். அதைத் தைத்தவருக்குக் களத்தில் தானியம் கிடைத்தது. ஊருக்குள் இடம் கிடைக்கவில்லை. எங்கள் சாதிப் பெயரை நான் முதலில் கேட்டது வசைச்சொல்லாகத்தான். இன்று அருந்ததியர் என்று எழுதுகிறோம். பூமணியின் 'பிறகு' (1979) நாவலில் அழகிரியைப் படித்தபோது, எங்கள் வீட்டில் பேசாமல் விட்ட பாதி அங்கே இருந்தது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார்.

இந்தக் கமலைக்கும் பெரிய வரலாற்றுக்கும் ஒரு முடிச்சு உண்டு. சென்னை மாகாணத்தின் பழைய முறை ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்துவது. அந்தத் தோல் கப்பலேறி, முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ்களில் சேர்ந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903இல் குரோம் உப்பால் பதப்படுத்தும் சோதனையைத் தொடங்கினார். தண்ணீரில் சீக்கிரம் அழுகாத தோலைக் கமலைக்குக் கொடுப்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. பிறகு பல்லாவரம் அருகே குரோம் லெதர் கம்பெனி எழுந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே அதிலிருந்து வந்தது. இந்தக் கதையில் சாட்டர்டனின் பெயர் இருக்கிறது, கம்பெனியின் பெயர் இருக்கிறது. கமலையைத் தைத்தவரின் பெயர் எங்கள் குடும்பத்திலேயே அழிந்துவிட்டது. பூட்டனாரின் பெயர் அப்பாவுக்கும் தெரியாது.

தாத்தா கப்பலேறி இங்கே வந்தார். சாதியும் அதே கப்பலில் வந்தது. அஞ்சடியில் குத்தூசியோடு தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பெயர் சொல்லாமல் சாதி சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். போருக்குப் பிறகு, கடையை மூடிய ஒரு சப்பாத்துக்கடைத் தவுக்கேயிடம் தவணைக்கு இந்த மிசினை வாங்கினார். மிசினுக்கு முன்னால் உட்கார நாற்காலி வேண்டும். தரையிலிருந்து எழுந்து நாற்காலிக்குப் போனார். அப்புறம் அவர் 'மிசின்காரர்' ஆனார். வேலை அதேதான், தோலும் அதேதான்.

பாரிஸில் 1837இல் குதிரைச் சேணம் தைக்கத் தொடங்கிய ஹெர்மெஸ் நிறுவனம், கைப்பைகளில் இன்றும் சேணக்காரர்களின் கைத்தையலைப் பெருமையோடு காட்டுகிறது. ஒரே நூல், இரண்டு ஊசி. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற பக்கம் பிடித்து நிற்கும். மிசின் தையலை விட அது உறுதியானது என்பது உண்மை. தாத்தாவுக்கும் அந்தத் தையல் தெரியும். அவர் அப்பாவிடம் கற்றது. அங்கே கையால் தைத்தது என்றால் பையின் விலை ஏறுகிறது. இங்கே கையால் தைத்த மனிதரின் விலை இறங்கியது. அதனால் மிசின் வந்தபிறகு தாத்தா ஆள் பார்க்கக் கையால் தைக்கவே இல்லையாம். மிசின் நுழையாத இடத்தை இரவில், வீட்டுக்குள் வைத்துத் தைப்பார்.

அந்தக் கிராணியைப் பற்றியும் அப்பா சொன்னார். காசை உள்ளங்கையில் வைக்காமல் மேலிருந்து போடுவாராம், கை பட்டுவிடக்கூடாதென்று. தைத்த பையைத் தாத்தா மேசையில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகே எடுத்துக்கொள்வார். கைப்பிடியைப் பிடித்துத்தான் எடுப்பார். தாத்தாவின் விரல்கள் ஒரு பகல் முழுக்க அழுத்தி, வளைத்து, நீவிய தோல் அது. அதைப் பல வருடம் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அந்த மனிதர் வேலைக்குப் போய் வந்தார்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பிரசுரிக்க வேண்டாம் என்பார், சாதிப் பெயரையாவது எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"சொல்யூஷன் தடவுனதும் மடிக்கணும்னு எழுதியிருக்க. ஈரத்துல ஒட்டுனா நிக்காதுப்பா. காஞ்சப்புறம்தான் ஒட்டணும். உங்க தாத்தா அப்படித்தான் செய்வாரு."

திருத்திவிட்டேன்.