நொடிக்கணக்கும் குறிதவறாமையும்: கைத்துப்பாக்கிப் பயிற்சியில் நேர அளவையின் வரலாறு

முன்னுரை

கைத்துப்பாக்கிச் சுடுதலில் விரைவும் துல்லியமும் ஒன்றையொன்று குறைக்கும் இயல்பின. விரைந்து சுடுபவர் குறி தவறுகிறார். குறி தவறாது சுட முயல்பவர் காலம் தாழ்த்துகிறார். மனித உடலசைவு முழுமைக்கும் பொதுவான இவ்வியல்பை 1899இல் உட்வொர்த்தும் 1954இல் ஃபிட்ஸும் உளவியல் சோதனைகளின் வழி அளந்து காட்டினர். சுடுகளத்தில் பயிற்சியளித்தோரின் சிக்கல் இதனினும் நடைமுறை சார்ந்தது. ஒரே பயிற்சியில் விரைவையும் துல்லியத்தையும் எவ்வாறு ஒரே மதிப்பெண்ணாக்குவது என்பதே அது. இருபதாம் நூற்றாண்டில் இதற்கு வெவ்வேறு விடைகள் கிடைத்தன. ஒரு மரபு காலத்தை வரம்பாகக் கொண்டது. மற்றொன்று காலத்தை வகுக்கும் எண்ணாகக் கொண்டது. மதிப்பெண் விதியில் நேர்ந்த சிறு வேறுபாடாகத் தோன்றும் இது, எதனைத் திறமை எனக் கொள்வது என்பதையே மாற்றியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரம்பாகிய காலம்

ஒலிம்பிக்கின் 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டி முதல் மரபின் தெளிவான சான்று. அருகருகே நிற்கும் 5 இலக்குகளை இலக்குக்கு ஒரு தோட்டா வீதம் 8 நொடி, 6 நொடி, 4 நொடி என்னும் வரம்புகளுக்குள் சுடவேண்டும். தொடங்கும் குறிப்புக் கிடைக்கும் வரை கை 45 பாகைக்குக் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். 1936ஆம் ஆண்டு பெர்லினில் மனித உருவ இலக்கில் பட்டதா இல்லையா என்பதே கணக்கிடப்பட்டது. 1948ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில் 60 தோட்டாக்களுக்கு வளைய மதிப்பெண் முறை வந்தது.

அப்போட்டியில் 580 புள்ளிகள் பெற்று வென்றவர் அங்கேரியின் காரோய் தகாச். படைப்பயிற்சியின்போது பழுதுற்ற எறிகுண்டு வெடித்து 1938இல் இவரது வலக்கை சிதைந்தது. இடக்கையால் பயின்று பத்தாண்டுகளில் இவ்வெற்றியை அடைந்தார். 1952இல் ஹெல்சிங்கியில் 579 புள்ளிகளுடன் மீண்டும் வென்றார். மன உறுதிக்குச் சான்றாகவே தகாச்சின் வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பயிற்சி வரலாற்று நோக்கில் அது காட்டுவது வேறொன்று. கையை உயர்த்துதல், முதல் குறி, அடுத்த இலக்குக்கு நகர்தல் எனத் திட்டமாகப் பகுக்கப்பட்ட அசைவுகளின் தொடரே இப்போட்டி என்பதால், அதனை மறு கைக்கு முற்றிலும் புதிதாகக் கற்பிக்க முடிந்தது.

இம்முறையில் 4 நொடி வரம்பை 3 நொடியில் முடிப்பவருக்குத் தனிப் பயன் ஏதுமில்லை. எஞ்சிய நொடி வீணான நொடியே. ஆகவே தேர்ந்த வீரர் வரம்பு முழுவதையும் பயன்படுத்தக் கற்கிறார். அவரிடம் விரைவு என்பது தாளம்; முந்துதல் அன்று.

ஷாங்காயும் மொன்டானாவும்

காவல்துறை சார்ந்த பயிற்சி வேறிடத்தில் தொடங்கியது. ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையில் பணியாற்றிய ஃபேர்பேர்ன், சைக்ஸ் ஆகிய இருவரும் 1942இல் வெளியிட்ட 'ஷூட்டிங் டு லிவ்' என்னும் நூலில், பன்னிரண்டரை ஆண்டுகளில் அந்நகரில் நிகழ்ந்த 666 ஆயுத மோதல்களைத் தம் முறைக்கு அடிப்படையாகக் காட்டினர். மோதல்கள் சில அடித் தொலைவில், மங்கிய ஒளியில், நொடிப்பொழுதில் முடிந்தன. முதல் தோட்டா ஒரு நொடியின் மூன்றிலொரு பங்குக்குள் புறப்பட வேண்டும் என்பது அவர்களது கணிப்பு. எனவே அண்மைத் தொலைவில் குறிமுள்ளைப் பார்ப்பதையே கைவிட்டனர். உடலை எதிரியை நோக்கித் திருப்பி, உள்ளுணர்வால் சுடப் பயிற்றினர்.

அதே காலத்தில் அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த எட் மெக்கிவர்ன், மின்விசையால் இயங்கும் நேரமானிகளை அமைத்து, சுழல்துப்பாக்கியின் விரைவை நொடியின் இருபதிலொரு பங்கு அளவுக்கு அளந்தார். 1932 ஆகஸ்ட் 20 அன்று 5 தோட்டாக்களை 0.45 நொடியில் சுட்டார். அவற்றின் தடங்களை ஓர் அரை டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். இவரது முறைகள் 1938இல் நூலாயின.

ஷாங்காயினரிடம் எதிரி இருந்தான், கடிகாரம் இல்லை. மெக்கிவர்னிடம் கடிகாரம் இருந்தது, எதிரி இல்லை. முன்னவர் கூறிய மூன்றிலொரு பங்கு நொடி பட்டறிவின் மதிப்பீடேயன்றிக் கருவியின் அளவீடு அன்று. பிற்காலப் பயிற்சிநூல்கள் இவ்வேறுபாட்டை எப்போதும் கருதுவதில்லை.

வகுக்கும் எண்ணாகிய காலம்

இவ்விரண்டையும் இணைத்தவர் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் முன்னாள் அதிகாரி ஜெஃப் கூப்பர். 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பிக் பேரில் அவர் நடத்திய போட்டிகளில் இருவர் எதிரெதிர் இலக்குகளை நோக்கி ஒரே நேரத்தில் இடுப்புறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுட்டனர். பெரும்பாலோர் திரைப்பட மேய்ப்பர்களைப் போல இடுப்பளவிலிருந்தே சுட்டுத் தவறவிட்டனர். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் காவலரான ஜாக் வீவர் இரு கைகளாலும் துப்பாக்கியைக் கண்மட்டத்துக்கு உயர்த்திக் குறிபார்த்துச் சுட்டு 1959இல் வென்றார். சற்றுத் தாமதித்த குறி, விரைந்த தவறுதலை வெல்லும் என்பதைப் போட்டியே மெய்ப்பித்தது. ஷாங்காய் முறைக்கு எதிரான வாதம் இவ்வாறு கருத்துரையாக வராமல் முடிவுப்பட்டியலாக வந்தது.

1976இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியாவில் உருவான அனைத்துலக நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு, துல்லியம், ஆற்றல், விரைவு என்னும் பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களைக் குறிக்கோளாக ஏற்றது. அதன் மதிப்பீட்டு முறை காம்ஸ்டாக் எனப் பெயர் பெற்றது. பெற்ற புள்ளிகளைச் செலவிட்ட நொடிகளால் வகுப்பதே அம்முறை.

கூப்பரின் 'எல் பிரெசிதென்தே' பயிற்சியைக்கொண்டு இதன் விளைவைக் காணலாம். 1970களில் குவாத்தமாலா அதிபரின் மெய்க்காவலர்களுக்குப் பயிற்சியளித்தபோது அமைத்ததால் அப்பெயர் பெற்றது. சுடுபவர் 10 கஜத் தொலைவிலுள்ள 3 இலக்குகளுக்கு முதுகு காட்டி நிற்பார். குறிப்பொலி கேட்டதும் திரும்பி, உருவி, இலக்குக்கு இரண்டாக 6 தோட்டாக்கள் சுட்டு, மேகசினை மாற்றி, மீண்டும் 6 சுடுவார். தொடக்கத்தில் 10 நொடியே தேர்ச்சி வரம்பாக இருந்தது. ஒவ்வொரு தோட்டாவும் நடுப்பகுதியில் பட்டால் 5 வீதம் 60 புள்ளிகள். ஒருவர் 10 நொடியில் 60 புள்ளிகளும், மற்றொருவர் 8 நொடியில் 3 தோட்டாக்கள் அடுத்த பகுதியில் பட்டு 54 புள்ளிகளும் பெறுவதாகக் கொள்வோம். (குறைந்த ஆற்றல் தோட்டாவுக்கு அப்பகுதியில் 3 புள்ளிகள்.) வரம்பு முறையில் முதலாமவர் வெல்வார். வகுத்தல் முறையில் அவர் பெறுவது 6. இரண்டாமவர் பெறுவதோ 6.75. வெற்றி இடம் மாறிவிடுகிறது.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. வகுத்தல் முறையில் ஒரு புள்ளியின் விலை நிலையானதன்று. நொடிக்கு 3 புள்ளி ஈட்டுபவருக்கு 2 புள்ளி இழப்பு ஏறத்தாழ 0.67 நொடிக்குச் சமம். நொடிக்கு 10 புள்ளி ஈட்டுபவருக்கோ அது 0.2 நொடியே. தேர்ச்சி ஏற ஏறச் சிறு பிழையின் விலை குறைகிறது. இலக்கையே தவறவிட்டால் 5 புள்ளி இழப்புடன் 10 புள்ளி தண்டமும் சேர்வதால், கண்மூடித்தனமான விரைவு மட்டுமே தடுக்கப்படுகிறது. 1980களில் தோட்டாவின் ஒலியைக்கொண்டே நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவிகள் பரவியபின், இரு தோட்டாக்களுக்கு இடைப்பட்ட நேரம், மேகசின் மாற்றும் நேரம் என ஒவ்வோர் அசைவும் தனித்தனியே அளக்கப்பட்டது. நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதம் கணக்கிலிருந்து நீங்கியது.

சுடுகளப் பழக்கமும் மோதற்களமும்

அளவீடு எதனை வளர்க்கிறது என்னும் கேள்வி காவல்துறையில் உயிர்க்கேள்வியாயிற்று. 1970 ஏப்ரல் 6 அன்று கலிஃபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர், சுடுகளத்தைத் தூய்மையாக வைக்கும் பழக்கத்தால், மோதலின் நடுவிலும் வெற்றுத் தோட்டாக்கூடுகளைச் சட்டைப்பையில் இட்டார் என்னும் செய்தி பல்லாண்டுகள் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் இதனை மறுத்துள்ளன. கூடுகள் தரையிலேயே கிடந்தன. எனினும் நிகழ்வுக்குப் பின் தோட்டா நிரப்பும் முறையும் விரைவுநிரப்பிக் கருவியும் சீர்திருத்தம் பெற்றன என்பது உண்மை. கட்டுக்கதை தவறாயினும் அது சுட்டிய அச்சம் தவறன்று. அழுத்தத்தின்போது கை செய்வது பயிற்சியில் மதிப்பெண் பெற்றுத் தந்த செயலையே.

இவ்வச்சமே நடைமுறைச் சுடுதலின் மீதும் திரும்பியது. மறைவின்றி நின்று மூன்று எதிரிகளைச் சுடுவது தற்காப்பா விளையாட்டா என்னும் விவாதத்தின் பின்னணியில், 1996இல் அனைத்துலகத் தற்காப்புக் கைத்துப்பாக்கிச் சங்கம் தோன்றியது. அது வகுத்தலை விடுத்துக் கூட்டலைத் தேர்ந்தது. இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் அரை நொடி சேர்க்கப்பட்டது. பிழையின் விலை வல்லவருக்கும் தொடக்கநிலையினருக்கும் ஒன்றாயிற்று. 2017இல் அவ்விலை ஒரு நொடியாக உயர்த்தப்பட்டது. இரண்டே பத்தாண்டுகளில் ஒரே பிழை இருமடங்கு கனத்தது.

ஒலிம்பிக் மரபும் மாறாதிருக்கவில்லை. 2012ஆம் ஆண்டு இலண்டனில் விரைவுக் கைத்துப்பாக்கி இறுதிச்சுற்று, 4 நொடி வரம்பில், 9.7க்குக் குறையாத குறியை மட்டும் ஒன்றென எண்ணும் முறைக்கு மாறியது. கியூபாவின் லியூரிஸ் பூபோ 40இல் 34 பெற்றுத் தங்கமும், இந்தியப் படையின் சுபேதார் விஜய்குமார் 30 பெற்று வெள்ளியும் வென்றனர். பட்டதா இல்லையா என்னும் 1936ஆம் ஆண்டின் எண்ணிக்கை முறையே மீண்டது; 'பட்டது' என ஏற்கப்படும் பரப்பு மட்டும் மனித உருவிலிருந்து வட்டத்தின் நடுவுக்குச் சுருங்கியிருந்தது.