பிடி அரிசி வளர்த்த பள்ளிக்கூடம்

பொதுப்பணிக்குப் பொருள் திரட்டுவது எளிய செயலன்று. கேட்பவனுக்குக் கூச்சம், கொடுப்பவனுக்கு ஐயம். இவ்விரண்டையும் கடந்து வந்த காசே ஒரு பள்ளிக்குக் கூரையாகிறது. ஒரு நோயாளிக்கு மருந்தாகிறது. ஆதலால், பிறர்பொருட்டு எவ்வாறு கேட்பது என்பதை ஒவ்வொரு காலத்து மக்களும் எண்ணி எண்ணிப் புதுவழி கண்டு வந்திருக்கின்றனர்.

இக்காலத்தில் பெரிதும் பரவியுள்ள வழி ஓட்டம். இளைஞர் நெடுந்தூரம் ஓடுகின்றனர், மிதிவண்டியில் செல்கின்றனர், மலை ஏறுகின்றனர். அவர்தம் உழைப்பைக் கண்டு உற்றாரும் நண்பரும் நன்கொடை தருகின்றனர். இம்முறைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி பாக்ஸ். புற்றுநோயால் 1977ஆம் ஆண்டில் ஒரு காலை இழந்த அவர், 1980ஆம் ஆண்டில் செயற்கைக் காலுடன் 143 நாள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்து, அந்நோயை ஆராய்வதற்குப் பொருள் திரட்டினார். நோய் மீண்டும் தாக்கவே ஓட்டம் நின்றது. மறு ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய வீரத்தைத் தலைவணங்கிப் போற்றுவோம்.

ஆயினும், ஒரு கேள்வி எழுகின்றது. ஓட இயலாதவர் என் செய்வர்? முதியவரும், நோயுற்றோரும், நாள் முழுதும் நின்று உழைத்து இரவில் களைத்துத் திரும்புவோரும் பொதுப்பணியில் பங்கு பெறும் வழி யாது?

இக்கேள்வியை மண்ணூர் போன்ற ஓர் ஊரில் வைத்துக் கேட்டுப் பார்ப்போம். திருப்பெரும்புதூருக்கும் திருவள்ளூருக்கும் இடையே உள்ளது மண்ணூர். ஏரியையும் வயலையும் நம்பி வாழ்ந்த சிற்றூர்கள் நிறைந்த அப்பகுதி, இன்று ஒரகடம் வரையில் தொழிற்சாலைகளின் வரிசையாய் விளங்குகின்றது. முறைமாற்றி வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் அங்கே மிகுதி. அவர்களை நோக்கி, “நாற்பது கிலோமீட்டர் ஓடிவந்து அறம் செய்யுங்கள்” என்று அழைப்பது பொருந்துமா? பொருந்தாது. ஆனால், அவர்களும் கொடுக்கக்கூடிய வழிகளை நம் முன்னோர் முன்பே கண்டிருந்தனர். அவற்றுள் தலையாயது பிடி அரிசி.

பிடி அரிசி என்பது யாது? வீட்டுத் தலைவி உலையில் இடுவதற்கு அரிசி எடுக்கும்பொழுது, அதிலிருந்து ஒரு கைப்பிடியை வேறு கலத்தில் இட்டு வைப்பாள். சில நாளுக்கு ஒருமுறை ஊர்ப்பணி செய்வோர் வந்து அதனைப் பெற்றுச் செல்வர். வீடுதோறும் சேர்ந்த அரிசியை ஒன்றாக்கி விற்றுப் பணமாக்குவர். அல்லது அதனைக் கொண்டே பசித்தோர்க்கு உணவிடுவர். ஒரு பிடி குறைந்ததனால் எந்த வீடும் பட்டினி கிடப்பதில்லை. நூறு வீட்டின் நூறு பிடியோ, ஒரு மூட்டைக்கு வழி செய்கின்றது. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியும், ஆதிரை என்னும் இல்லத்தரசி இட்ட முதற் பிச்சைக்குப் பின்னரே ஊரார் பசியைத் தீர்க்கத் தொடங்கியது என்பது அக்காப்பியம் கூறும் கதை. அள்ள அள்ளக் குறையாத கலத்திற்கும் முதலில் ஒரு பெண்ணின் கை வேண்டியிருந்தது!

இம்முறை பள்ளிக்கூடம் ஒன்றையே வளர்த்த வரலாறு நம் நாட்டில் உண்டு. விருதுநகருக்கு முற்காலத்தில் விருதுபட்டி என்று பெயர். அவ்வூரில் வாணிகம் செய்து வந்த நாடார் சமூகத்தார், சமுதாயத்தில் தமக்கிருந்த தடைகளை உடைக்கும் கருவி கல்வியே எனத் தெளிந்தனர். 1889ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்யாசாலை என்னும் பள்ளியைத் தோற்றுவித்தனர். அதற்குப் பொருள் வந்த வழிகள் இரண்டு. ஒன்று, கடைவீதியில் வசூலான மகமை. வணிகர் வாங்கும் மூட்டைக்கும் விற்கும் மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்கென ஒதுக்குவதே மகமை. மற்றொன்று, வீட்டு அடுக்களையிலிருந்து வந்த பிடி அரிசி. ஆடவர் கடையிலிருந்து கொடுத்தனர். பெண்டிர் உலைக்கு எடுத்த அரிசியிலிருந்து கொடுத்தனர். தம் பெயரை எழுதக் கல்லாத தாய்மாரும் பள்ளிக்கூடத்தின் புரவலர் ஆயினர்.

மகமையின் நுட்பத்தை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அது செல்வரைத் தேடிச் சென்று கையேந்தும் முறையன்று. வாணிகம் பெருகினால் நிதியும் பெருகும். சுருங்கினால் நிதியும் சுருங்கும். எவர்க்கும் தாங்க இயலாத சுமை இல்லை. அந்நிதியை உறவின்முறை என்னும் ஊர் அவை காத்து வந்தது. ஆயினும், அதற்கு ஓர் எல்லை இருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. அஃது ஒரு சமூகத்தார் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அவ்வெல்லையைக் கடந்து, ஊர் முழுவதும் ஒன்றுகூடிக் கொடுக்கும் நாள் பின்னரே வந்தது.

அந்நாளைக் கொணர்ந்தவர்களுள் ஒருவர் அதே விருதுபட்டியில் 1903ஆம் ஆண்டில் பிறந்து, அதே க்ஷத்திரிய வித்யாசாலையில் பயின்றவர். அவரே காமராசர். 1954ஆம் ஆண்டில் அவர் சென்னை மாநில முதலமைச்சரானார். பசியோடு வரும் பிள்ளை எவ்வாறு படிக்கும் என்னும் கவலை அவரை வாட்டிற்று. அரசின் கருவூலத்தை மட்டும் நம்பி அவர் காத்திருக்கவில்லை. 1956ஆம் ஆண்டில் பகல் உணவுத் திட்டம் ஊராரின் நன்கொடையைக் கொண்டே வளரலாயிற்று. நெல் தந்தவர் உண்டு; காய்கறி தந்தவர் உண்டு; விறகு தந்தவர் உண்டு. 1957ஆம் ஆண்டில் அரசு உதவி செய்ய முன்வந்தபொழுதும், ஊராரின் பங்கு விலக்கப்படவில்லை. ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, அதில் ஆறு காசினை அரசு ஏற்றது. நான்கு காசு ஊராரின் பொறுப்பாயிற்று. பிடி அரிசியால் வளர்ந்த பள்ளியில் படித்த ஒருவர், மாநிலம் முழுமைக்கும் அந்த வழியையே விரித்தார் என்று கருதுவது மிகையாகாது.

அப்பணியில் அவருக்குத் துணையாய் நின்றவர், அந்நாளில் பொதுக்கல்வி இயக்குநராய் விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு. இவர் காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடிவாக்கம் என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டில் பிறந்தவர். உணவுக்குக் கொடுத்த ஊரார், பள்ளியின் பிற குறைகளையும் தீர்க்க மாட்டாரோ என்று இவர் எண்ணினார். அவ்வெண்ணமே பள்ளிச் சீரமைப்பு இயக்கமாய் மலர்ந்தது. அதன் முதல் மாநாடு 1958ஆம் ஆண்டில் எங்கு நடந்தது தெரியுமா? திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில். மண்ணூரும் கடம்பத்தூரும் அந்நாளில் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்கள். ஒன்றுக்கொன்று தொலைவிலும் இல்லை.

அம்மாநாடுகளில் பொருள் கேட்ட முறையே தனிச்சிறப்பு உடையது. ‘பணம் தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டுவன யாவை என முன்னரே பட்டியல் வகுத்தனர். நாற்காலி, மேசை, கரும்பலகை, கடிகாரம், நாட்டுப்படம், குடிநீர்ப் பானை, பிள்ளைகளுக்குச் சீருடை எனப் பட்டியல் நீண்டது. செல்வர் நிலம் தந்தார். கட்டடம் கட்டித் தந்தார். எளியவர் ஒரு பானை வாங்கித் தந்தார். நிலம் தந்தவர்க்கும் பானை தந்தவர்க்கும் அப்பட்டியலில் இடம் இருந்தது. மாநாடுகள் மாவட்டந்தோறும் நடந்தன. அரசு ஆணையிட்டு வாங்க இயலாத பொருளை ஊராரின் அன்பு கொண்டுவந்து குவித்தது.

வேற்று நாட்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இளம்பிள்ளை வாதத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். அந்நோயை ஒழிக்க அவர் தொடங்கிய அறநிறுவனத்திற்காக, 1938ஆம் ஆண்டில் எட்டி கேன்டர் என்னும் நகைச்சுவைக் கலைஞர் வானொலியில் பேசினார். ஆளுக்குப் பத்து சென்ட் நாணயம் ஒன்றைத் தலைவரின் மாளிகைக்கே அஞ்சலில் அனுப்புமாறு வேண்டினார். இருபத்தாறு லட்சத்திற்கும் மேற்பட்ட நாணயங்கள் வந்து குவிந்தன! அந்நிறுவனம் பின்னாளில் அளித்த பொருளுதவியைக் கொண்டே ஜோனாஸ் சால்க் தம் தடுப்பூசியை ஆராய்ந்தார். அதன் வெற்றி 1955ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. நடக்க இயலாத ஒருவர் பெயரால், எவரும் ஓடாமலே, ஒரு கொடிய நோயை வெல்லும் பொருள் சேர்ந்தது. நம் நாட்டின் வடகிழக்கே மிசோரத்திலும், ஒவ்வொரு வேளை சமைக்கும்பொழுதும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கித் தம் திருச்சபைப் பணிக்குத் தரும் வழக்கத்தை மிசோ பெண்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் போற்றி வருகின்றனர்.

கலையாலும் அறம் வளர்ந்தது. 1944ஆம் ஆண்டில் கஸ்தூரிபா காந்தி மறைந்தபின், அவர் நினைவு நிதிக்காக எம். எஸ். சுப்புலட்சுமி இசைக் கச்சேரிகள் செய்தார். பின்னரும் எத்தனையோ மருத்துவமனைகளுக்கும் கல்விச் சாலைகளுக்கும் அவர் பாடிப் பொருள் ஈட்டித் தந்தார். 1974ஆம் ஆண்டில் அவருக்கு வழங்கப்பட்ட மகசேசே விருது, பொதுத்தொண்டிற்கான பிரிவில் அளிக்கப்பட்டது என்பது குறிக்கத்தக்கது. விருந்தாலும் அறம் வளர்ந்ததுண்டு. புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளில் மொய் விருந்து என்பது பழகிய வழக்கம். உறவினரையும் ஊராரையும் அழைத்து உணவிட்டு, அவர் தரும் மொய்யைப் பெற்றுத் தொழிலுக்கு முதலாக்குவர். 2018ஆம் ஆண்டில் கேரளம் வெள்ளத்தில் தவித்தபொழுது, புதுக்கோட்டை மாவட்டத்துத் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் அவ்வழக்கத்தையே மாற்றி அமைத்தார். தேநீர் அருந்தியோர் இட்ட மொய் வெள்ள நிவாரணத்திற்குச் சென்றது. கைம்மாறு கருதிய வழக்கம், முகம் அறியாதார்க்கு உதவும் அறமாயிற்று.

எல்லாப் புதுவழியும் நல்வழி ஆகுமோ? ஆகாது என்பதற்கும் சான்று உண்டு. 1968ஆம் ஆண்டில் தமிழக அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. நாட்டு நலத்திற்குப் பொருள் சேர்ப்பதே அதன் நோக்கம். நோக்கம் நன்றே. ஆனால், சீட்டு வாங்கியவன் கண் பிறர் நலத்தில் இல்லை. தன் பரிசில் இருந்தது. காலப்போக்கில் பற்பல சீட்டுகள் பெருகின. அன்றாடங் கூலி பெற்றோர் தம் கூலியை அவற்றில் இழந்தனர், குடும்பங்கள் நிலைகுலைந்தன. 2003ஆம் ஆண்டில் தமிழக அரசே பரிசுச் சீட்டு விற்பனையைத் தடை செய்தது. எளியவனின் ஆசையைத் தூண்டிப் பெறும் காசு, எளியவனுக்கு உதவுவதில்லை.

இவ்வரலாறு உணர்த்துவன மூன்று. கேட்பது, ஏழைக்கும் இயலும் அளவினதாய் இருத்தல் வேண்டும். கொடுப்பது, அன்றாட வாழ்வோடு இணைந்து, நாள் தவறாமல் நடத்தல் வேண்டும். பெற்ற பொருளின் கணக்கு, கொடுத்தவர் அனைவரும் அறிய விளங்குதல் வேண்டும். இம்மூன்றுள் ஒன்று குறைந்தாலும் ஐயம் வளரும், கலம் வெறுமையாகும்.

இன்று ஓர் ஐயம் தோன்றலாம். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாய் உடைய நிறுவனங்கள் தம் சராசரி ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கினைச் சமுதாயப் பணிக்குச் செலவிடல் வேண்டும். தொழிற்சாலைகள் சூழ்ந்த மண்ணூர்ப் பகுதிக்கு இனிப் பிடி அரிசி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அப்பணம் வரட்டும்; அது சட்டம் தந்த உரிமை. ஆனால், பிறர் கட்டித் தந்த சுவரில் விரிசல் கண்டால் ஊரார் பிறர்க்கு மனு எழுதுவர். தாம் கொடுத்துக் கட்டிய சுவரில் விரிசல் கண்டால் அன்று மாலையே கூடுவர். பிடி அரிசி தந்தவள், “என் பள்ளிக்கூடம்” என்று சொல்லும் உரிமையைப் பெற்றாள். அவ்வுரிமையை எந்தச் சட்டத்தாலும் வழங்க இயலாது.

மாணவர்களே! ஓடும் வலிமை உடையீராயின் ஓடுங்கள். பாடும் குரல் உடையீராயின் பாடுங்கள். ஆனால், பொதுப்பணிக்கென நீங்கள் ஒரு பட்டியல் எழுதும் நாளில், ஓடவும் பாடவும் இயலாத ஒரு மூதாட்டியின் கை இடும் ஒரு பிடிக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்.