திரித்துவக் கல்லூரிச் சுவரோவியங்களும் விலக்கப்பட்டோர் துயரமும்

யட்டியாந்தோட்டைப் பகுதியின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களையண்டிய சிறு தேவாலயங்களில் நெடுங்காலம் தொங்கியவை ஐரோப்பிய அச்சுப்படங்களே. வெண்மேனியும் பொன்னிறக் குழலுமுடைய கிறிஸ்துவை அவை காட்டின. அவ்வூரிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை வழியாக நாவலப்பிட்டிக்கு ஏறிக் கண்டியை அடைவோர், திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் முற்றிலும் வேறானதொரு கிறிஸ்துவைக் காண்பர். இலங்கையின் நிலக்காட்சியும் இந்நாட்டு மாந்தரின் முகமும் மேனியும் அங்கு வேதாகமக் கதையாகியுள்ளன. அவற்றைத் தீட்டியவர் டேவிட் பெயின்ரர்.

ஆங்கிலேய மிஷனரித் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் 1900இல் இந்தியாவின் அல்மோராவிற் பிறந்த பெயின்ரர், திரித்துவக் கல்லூரியிற் பயின்று, இலண்டன் றோயல் அக்கடமியில் ஓவியம் கற்றுத் திரும்பியவர். அவர் தூரிகை எடுப்பதற்கு முன்னரே அச்சிற்றாலயம் ஒரு கருத்தைக் கல்லிற் சொல்லத் தொடங்கியிருந்தது. அதிபர் ஏ. ஜி. பிரேசர் சுதேச மொழிகளுக்குக் கல்வியில் இடம் வேண்டி நின்றவர். கண்டி அரசரின் மகுல் மடுவ என்னும் மண்டபத்தை முன்மாதிரியாகக் கொண்டே ஆலயம் அமைக்கப்பட்டது. சுதேச மண்டபத்துக்குச் சுதேச ஓவியம் வேண்டியிருந்தது. 1928இல் முதல் ஓவியம் எழுந்தது. 1930களின் முற்பகுதியளவில் நான்கும் நிறைவுற்றன.

நான்கின் பொருளும் நோக்கற்பாலது. செபதேயுவின் மைந்தருக்காக அவர்தம் தாய் உயர்ந்த ஆசனம் கேட்க, ‘நான் பருகும் பாத்திரத்தில் உங்களாற் பருக முடியுமா’ எனும் பொருள்பட இயேசு வினவுவது ஒன்று. சீடரின் பாதம் கழுவுதல் மற்றொன்று. நல்ல சமாரியன், சிலுவைப்பாடு என்பன ஏனையவை. அற்புதச் செயல்கள் இங்கு இல்லை. உயிர்த்தெழுந்த வெற்றியும் இல்லை. பணிவும் காயமும் அவமானமுமே உள. செல்வக்குடி மைந்தர் பலர் பயின்ற பாடசாலையின் சுவருக்கு இத்தேர்வு எளிதானதன்று.

இவ்வோவியரின் பிறிதொரு படைப்பையும் சேர்த்து நோக்கினாலன்றி அச்சுவர்களின் பொருள் முழுமையாகாது. 1935இல் அவர் தீட்டிய ‘பிற்பகல்’ எனும் பொருளுடைய பிரெஞ்சுத் தலைப்புக் கொண்ட ஓவியம் இங்கிலாந்தின் பிரைற்றன் நூதனசாலைத் தொகுப்பில் உள்ளது. ஆடையற்ற இளைஞரின் உடலை வெளிப்படையான பரிவோடு அது காண்கிறது. கலைவரலாற்றாளர் அதனைத் தன்பாலீர்ப்பின் கலைமரபில் வைத்துப் பேசுகின்றனர். அவருடன் ஒரே ஆண்டிற் பிறந்த ஒளிப்பதிவாளர் லயனல் வென்ற் (1900–1944) எடுத்த ஆண்மேனிப் படங்களும் அம்மரபினவே. இவர்கள் வாழ்ந்த நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அத்தகைய உறவைக் குற்றமாக்கியிருந்தன. 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டக்கோவையை அடியொற்றி ஆங்கிலேயர் இட்ட தளை அது. கீழைத்தேயப் பண்பாட்டின் பெயரால் அச்சட்டத்தைக் காக்க முனைவோர் அதன் பிறப்பிடத்தை நினைப்பதில்லை.

ஆயின், ஆலயச் சுவரில் இதனை வாசிப்பது தகுமா? பக்தியுடையோர் சிலர் இதனை நிந்தையெனக் கொள்வர். ஓவியரின் அந்தரங்கத்தைத் துருவி அதைச் சுவரில் ஏற்றுவது முறையன்று என்பதும் உண்மையே. எனினும் கேள்வி அந்தரங்கம் பற்றியதன்று. துன்புறும் உடலைக் கண்ட கண் பற்றியது. ஜேர்மானிய ஓவியர் குரூண்வால்ட் 1512–1516 காலப்பகுதியில் இசென்ஹைம் மடத்துக்குத் தீட்டிய பீடவோவியத்தில், சிலுவையிலுள்ள இயேசுவின் மேனியெங்கும் புண்கள். அம்மடத்து மருத்துவமனையில் கிடந்த நோயாளர் தம் நோயையே அவரிற் கண்டனர். அதனை எவரும் நிந்தையென்பதில்லை. 1998இல் சுவீடிஷ் கலைஞர் எலிசபெத் ஓல்சன் தம் ஒளிப்படத் தொகுதியில் இயேசுவைத் தன்பாலீர்ப்பாளரிடையேயும் எயிட்ஸ் நோயாளரிடையேயும் நிறுத்தி, உப்சாலாப் பேராலயத்திற் காட்சிப்படுத்தியபோதோ பெருங்கிளர்ச்சி எழுந்தது. சுவீடன் பேராயருக்கு அளிக்கவிருந்த சந்திப்பைப் பாப்பரசர் இரத்துச்செய்தார். நோயுற்றோரின் உடலை ஏற்றுக்கொண்ட கிறிஸ்தவ உலகு, இகழப்பட்டோரின் உடலை ஏற்க மறுத்த இடம் இதுவே.

பெயின்ரரின் முறை ஓல்சனின் முறையன்று. அவர் பறை அறையவில்லை. நல்ல சமாரியன் கதையையே எடுத்துக்கொள்ளலாம். அடியுண்டு, ஆடை உரியப்பட்டு, குற்றுயிராகக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கடந்து செல்ல, தூக்கி எடுப்பவன் தீண்டத்தகாதவனாக எண்ணப்பட்ட இனத்தான். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல் ஒருவர் அவ்வோவியத்தின் முன் நின்றால், ‘சமாரியன்’ என்ற சொல்லுக்கு விளக்கவுரை தேடார். உறவையும் பெயரையும் மறைத்து வாழ்பவரும் தேடார். இருவர் துயரமும் ஒன்றன்று. ஆயினும் சட்டத்தின் ஒரு வரியால் மனிதர் குறைபட்டவராவது எவ்வாறு என்பதை இருவரும் அறிவர்.

பிற்காலத்தில், 1968இல், கல்கிசை புனித தோமையர் கல்லூரிச் சிற்றாலயத்தில் உருமாற்றக் காட்சியைத் தீட்டியபோது, பெயின்ரர் தாடியில்லாத இளம் கிறிஸ்துவை வரைந்தார். அது சலசலப்பை உண்டாக்கிற்று. தாடியின்மை ஆதித் திருச்சபையின் ஓவியங்களிலேயே உண்டென்பதைக் குறைகூறியோர் மறந்தனர் போலும். அவர் 1975இல் மறைந்தார். இருபதாண்டுகளின் பின், 1995இல், 365அ பிரிவு திருத்தப்பட்டபோது அது நீக்கப்படவில்லை. பெண்களுக்கும் பொருந்துமாறு விரிக்கப்பட்டது. இவ்வுறவைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர்நீதிமன்றம் தீர்மானித்தது 2023 மே மாதத்திலேயே.