தோல் ஷாப்பும் பச்சை நம்பர் பிளேட்டும்



போன வாரம் நத்தம் பஸ் ஸ்டாண்டில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். இப்போது சட்டை தைக்கும் தொழில் செய்கிறான். பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சார ஸ்கூட்டரில் வந்திருந்தான். "2022ல வாங்கினேன் சார். கவர்மென்ட் மானியமே நாப்பதாயிரத்துக்கு மேல" என்றான். கூட நின்ற அவன் தம்பியும் என்னிடம் படித்தவன்தான். "எனக்கு இப்ப ஐயாயிரம்தான் சார் குறையுதாம். இது என்ன நியாயம்?" என்று கேட்டான். அதற்குள் திண்டுக்கல் பஸ் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்த பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசைக் குறைக்க அரசு பணம் கொடுப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் பேகம்பூர்ப் பக்கம் போனாலே தோல் ஊறும் வாடை மூக்கைத் துளைக்கும். நாங்கள் அதைத் தோல் ஷாப் என்போம். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலம் மாறி, குரோமியம் உப்பு வந்தது. தோல் கெடாமலிருக்கப் போடும் சாதாரண உப்பும் அதோடு சேர்ந்தது. கழிவுநீர் நிலத்தில் இறங்கியது, கிணறுகள் கெட்டன.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. பெயர் வேலூர் வழக்கு என்றாலும் நம் ஊர்க் கணக்கும் அதில் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களை ஒரு தன்னார்வ அமைப்பு ஆராய்ந்தது. அங்கிருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடந்ததையும் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது.

அந்தக் காலத்தில் தொழிற்சாலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் செலவில் மத்திய அரசு 25 சதவீதம், மாநில அரசு 25 சதவீதம் மானியம் தரும். 30 சதவீதம் கடன். உரிமையாளர்கள் கைக்காசு 20 சதவீதம் மட்டுமே. அதாவது நூறு ரூபாய் வேலைக்கு இருபது ரூபாய் எடுத்து வைத்தால் போதும். அப்படியும் வேலை நடக்கவில்லை! மத்திய அரசு கணிசமான மானியம் தர ஒப்புக்கொண்ட பிறகும் பெரும்பாலான தோல் ஷாப்புகள் நடவடிக்கை எடுக்கவில்லையே என்று நீதிமன்றமே வருத்தப்பட்டது.

பிறகு எப்படி நடந்தது? நீதிமன்றம் தேதி குறித்தது. 1996 நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு வசதி இருக்க வேண்டும். நம் மாவட்டத்தையும் சேர்த்து ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். மானியம் இருந்தும் கிளம்பாத வண்டி, தேதி வந்ததும் கிளம்பியது.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. மானியத் திட்டத்தில் கழிவை வெளியேற்றியவருக்கு இடம் இருந்தது. கிணற்றை இழந்த சம்சாரிக்கு இல்லை. மாசு செய்தவரே அதற்கான விலையையும் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்ன பிறகுதான் சம்சாரி பெயர் கணக்கில் ஏறியது. அப்போதும் உப்பு ஏறிய நிலத்தடி நீர் உடனே இனித்துவிடவில்லை. சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு போகாது. அதைப் பிரிக்கத் தனி இயந்திரம், தனி மின்சாரம், மாதாமாதம் செலவு. கட்டுவதற்கு மானியம் கிடைத்தாலும் ஓட்டுவதற்கு நம் காசுதான்.

இப்போது ஸ்கூட்டருக்கு வருவோம். மின் வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாயில் வந்தது. பணம் நம் கைக்கு வராது. கம்பெனி விலையைக் குறைத்து விற்கும், அரசு கம்பெனிக்குக் கொடுக்கும். பேட்டரி எத்தனை யூனிட் மின்சாரம் பிடிக்குமோ அதற்கேற்ற தொகை. 2021 ஜூனில் யூனிட்டுக்கு 15,000 ரூபாய். 2023 ஜூனில் 10,000. 2024 ஏப்ரலில் 5,000. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஏப்ரலில் 2,500 ஆனது, அதுவும் ஒரு வண்டிக்கு 5,000க்கு மேல் கிடையாது என்றிருந்தது. 3 யூனிட் பேட்டரிக்கு அண்ணனுக்குக் கிடைத்தது 45,000, தம்பிக்கு 5,000. தம்பி, உன்னை யாரும் ஏமாற்றவில்லை. நடை பழகும் குழந்தைக்குக் கொடுத்த நடைவண்டி அது. குழந்தை நடக்க நடக்க எடுத்துவிடுவார்கள். ஆகவே மானியத்தை நம்பி வண்டி வாங்காதே. தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவாய், பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்று கணக்குப் போட்டு வாங்கு.

ஆனால் நியாயம் பற்றி நீ கேட்டாயே, அந்தக் கேள்வியை வேறு இடத்தில் கேட்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நாம் பேசிக்கொண்டிருந்தபோது டீசல் புகையில் நின்றவர்கள் யார்? கூடையோடு மாம்பழம் விற்கும் அம்மாக்கள், பள்ளிப் பிள்ளைகள், ஸ்கூட்டர் வாங்க வழியில்லாதவர்கள். பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடியில் 4,391 கோடி, மின்சார பஸ்களுக்கு. 14,028 பஸ்கள். ஆனால் அவை முக்கியமாக 40 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஒன்பது நகரங்களுக்கு. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பது சென்னை ஒன்றுதான். திண்டுக்கல் நகரத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 2 லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. நத்தத்தைச் சொல்லவே வேண்டாம். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. மகிழ்ச்சிதான். நம் நத்தம் பஸ்ஸில் டீசல் வாசம்தான்.

அன்று கிணற்றுக்காரர் கணக்கில் இல்லை. இன்று பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் கணக்கில் இல்லை. கிணற்றுக்காரர்கள் கேட்டார்கள், கணக்கில் வந்தார்கள். நாமும் கிராம சபையிலும் எம்.எல்.ஏ.விடமும் "எங்கள் ஊருக்கு எப்போது?" என்று கேட்கலாம். தேதியும் கேளுங்கள், பிள்ளைகளே. தேதி இல்லாத வாக்குறுதிக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் திண்டுக்கல் தோல் ஷாப்புகள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன.

ரெட்டியார்சத்திரம் பக்கத்துச் சொந்தங்கள் உங்கள் கிணறுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கீழே எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நலமே விளைக.