காந்தி தைத்த செருப்பும் 21 மைல் நடையும்

போன தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழநிக்கு நடந்தேன். சுமார் 60 கிலோமீட்டர். கிளம்புறதுக்கு முந்தின நாள்தான் புது ஷூ வாங்கினேன். அதுதான் முதல் தப்பு. ஒட்டன்சத்திரம் வர்றதுக்குள்ள ரெண்டு குதிகாலிலும் கொப்புளம், கட்டைவிரல் நகம் கறுத்துப்போச்சு. ரோட்டோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினப்போ, பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தன்னோட தேய்ந்த தோல் செருப்பைக் காட்டி, "தம்பி, செருப்பு முதல்ல காலோட பழகணும். நடையெல்லாம் அப்புறம்தான்" என்றார். மீதித் தூரம் பஸ்ஸில் போனேன்.

வீட்டில் உப்புத் தண்ணியில் காலை வைத்துக்கொண்டு, காந்தியின் 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்' நூலைப் புரட்டினேன். டால்ஸ்டாய் பண்ணை பற்றிய பகுதி முன்னமே படிச்சதுதான். ஆனா கால் வலிக்கும்போது படிச்சா வேற விஷயம் கண்ணில் படுது.

1910-இல் சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காக, கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் தன்னுடைய 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. ஜோகானஸ்பர்க் அங்கிருந்து 21 மைல். பண்ணை வேலையாகப் போகிறவர் ரயிலில் மூன்றாம் வகுப்பில் போகலாம். சும்மா ஊர் பார்க்கப் போகிறவர் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு நடந்துதான் போகணும். ராத்திரி 2 மணிக்கு எழுந்து, 2.30-க்குக் கிளம்பி, ஆறேழு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேர்வார்கள். அன்றைக்கே திரும்பியும் விடுவார்கள். போக வர 42 மைல், அதாவது 67 கிலோமீட்டருக்கு மேல். நான் பழநிக்கு முடிக்க முடியாத தூரத்தைவிட அதிகம், அதுவும் ஒரே நாளில்! இருப்பதிலேயே வேகமான நடை 4 மணி 18 நிமிஷம் என்று காந்தி குறித்து வைத்திருக்கிறார். மணிக்கு கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். நடையா, ஓட்டமா?

இப்படி நடக்கிற ஊருக்குச் செருப்பு வேண்டாமா? நேட்டாலில் மரியன்ஹில் என்ற இடத்தில் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் இருந்தது. காலன்பாக் அங்கே போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் மற்றவர்கள். பண்ணைச் செருப்பை நண்பர்களுக்கு விற்கவும் செய்தார்கள்.

கொப்புளம் எப்படி வருது? உள்ளே எலும்பு ஒரு பக்கம் நகர, மேல்தோல் ஷூவோடு ஒட்டி நிற்க, நடுவில் தோல் அடுக்குகள் பிரிந்து நீர் கோர்க்குது. வியர்வையில் ஊறின தோல் இன்னும் சீக்கிரம் பிரியும். நடக்க நடக்கப் பாதமும் வீங்கும். மூடின ஷூவில் அதுக்கு இடம் இருக்காது, விரல் முன்னால் போய் முட்டும். நகம் கறுப்பது அதனால்தான். திறந்த செருப்பில் காற்று போகும், விரல் விரியும். வார் உரசுவது, கல் ஏறுவது போன்ற தொல்லைகள் அதிலும் உண்டு. பெரியவர் சொன்ன 'பழகணும்' இரண்டுக்குமே பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தோலைத் தொடுகிற வேலையை நம் நாட்டில் யார் தலையில் கட்டினார்கள், அதைச் செய்ததற்காகவே அவர்களை எங்கே ஒதுக்கி வைத்தார்கள் என்று நமக்குத் தெரியும். சில தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த மனிதர்களும் நம் ஊரில்தான் இருந்தார்கள். அந்த வேலையை ஒரு பனியா பாரிஸ்டர் உட்கார்ந்து கற்றுக்கொண்டது சின்ன விஷயம் இல்லை.

மூன்று வருஷம் கழித்து நடந்தது வேறு மாதிரி நடை. ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் மீதான 3 பவுண்டு வரியை எதிர்த்து நேட்டால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் தமிழர்கள் நிறைய. 1913 நவம்பர் 6 காலையில் சார்ல்ஸ்டவுனிலிருந்து 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் கிளம்பினார்கள். தினம் 20 மைலுக்கு மேல் நடந்து, எட்டு நாளில் டால்ஸ்டாய் பண்ணையை அடைவது திட்டம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. பண்ணைச் செருப்பு இத்தனை பேருக்கு எட்டியிருக்காது, இருந்ததோடு நடந்தார்கள். நடையில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி விழுந்தது. தாய்மார் நடையை நிறுத்தவில்லை என்று காந்தி எழுதுகிறார். நவம்பர் 10-இல் அரசு எல்லோரையும் ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பியது. 1914-இல் வரி ஒழிந்தது.

அந்த வருஷம் கப்பல் ஏறும் முன் காந்தி, தன்னைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்குத் தான் சிறையில் தைத்த ஒரு ஜோடி செருப்பைக் கொடுத்தார். ஸ்மட்ஸும் பெரிய நடையர். டேபிள் மலையில் அவர் பெயரில் ஒரு பாதையே இருக்கு. பல கோடைகள் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டதாகவும், அவ்வளவு பெரிய மனிதரின் செருப்பில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்று தோன்றியதாகவும் 1939-இல், காந்தியின் எழுபதாம் பிறந்தநாள் மலரில் எழுதினார்.

ஸ்மட்ஸ் செருப்பின் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு என்னவோ இப்போ அந்த 2,221 பேரோட கால்கள்தான் ஞாபகத்தில் நிற்குது. வரி ஒழிந்தது அந்தக் கால்களால்.

அடுத்த தைப்பூசத்துக்கு மறுபடி கிளம்புறேன். செருப்பு இப்பவே வாங்கியாச்சு. தினம் சாயங்காலம் அதோட நடந்து பழகிக்கிட்டிருக்கேன்.