நடுவில் ஒரு டிஃபரன்ஷியல்

பெரிய லாரிகளின் பின்பக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அடுத்தடுத்து இரண்டு அச்சுகள் இருக்கும். இரண்டையுமே இஞ்சின் சுழற்றினால் அதற்கு 'டேண்டம் டிரைவ் ஆக்ஸில்' என்று பெயர். இருக்கிற ஒரே இஞ்சினின் சக்தியை இரண்டு அச்சுக்கும் எப்படிப் பங்கு போடுவது? கேள்வி சின்னதுதான், ஆனால் கதை பெரியது.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக 1820களின் இறுதியிலேயே பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கூர் தன் நீராவி வண்டிக்கு டிஃபரன்ஷியல் கண்டுபிடித்தார். இரண்டு பின் அச்சுகள் வந்தபோது அதே சிக்கல் அச்சுகளுக்கு நடுவிலும் வந்தது. ஓர் அச்சு மேட்டில் ஏறும், மற்றது சமதளத்தில் ஓடும். ஒன்றின் டயர் கொஞ்சம் தேய்ந்திருக்கும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்தால் ஷாஃப்ட் முறுக்கேறும், டயர் தேயும்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரித்த ஜிஎம்சி சிசிகேடபிள்யூ லாரியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது! சேற்றில் இது நல்லதுதான். ஓர் அச்சு வழுக்கினாலும் மற்றது இழுக்கும். சேற்றில் சக்கரம் லேசாகச் சறுக்கி முறுக்கும் தளர்ந்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில்தான் தொல்லை.

1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' ஓடியது. முன்னேறும் படைகளுக்குப் பெட்ரோலும் குண்டுகளும் சுமந்தவை பெரும்பாலும் இந்த லாரிகளே. ஓட்டியவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். அளவுக்கு மீறிய பாரம், தூக்கமில்லாத இரவுகள், தேய்ந்த டயர்கள். இத்தனைக்கும் அவர்களைத் தனியாகப் பிரித்து வைத்திருந்த ராணுவம் அது. பிரிவினையை ஒழிக்க ட்ரூமன் ஆணையிட்டது 1948-ல்தான்.

இன்றைய டேண்டம் லாரிகளில் பொதுவாக முன்னால் உள்ள பின் அச்சின் தலைப்பில் மூன்றாவதாக ஒரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. அது இரண்டு அச்சுக்கும் சம முறுக்குவிசை தரும். குறை என்னவென்றால், ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுழன்றால் மற்ற மூன்றும் வலுவிழக்கும். அதனால்தான் டிரைவர் கையில் ஒரு பூட்டு சுவிட்ச். சேறு வருமுன் போட வேண்டும், நல்ல சாலை வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஆக, அன்று இரும்பில் நிரந்தரமாகப் பூட்டியிருந்த முடிவு இன்று டிரைவரிடம் இருக்கிறது. போர் வரலாறு என்றால் தளபதிகள் பெயரைத்தான் படிக்கிறோம். பெட்ரோல் கொண்டுபோய்க் கொடுத்தவர்களையும் கொஞ்சம் நினைப்போமே!