முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (1886–1968): மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர். புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபுக்குச் சமூகம் சூட்டிய இழிவை மகள் சிறுவயதிலேயே உணர்ந்திருந்தார். மன்னர் கல்லூரியில் மாணவர்களிடமிருந்து மறைக்கும் திரைக்குப் பின்னால் அமர்ந்து படித்தவர், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

1923-இல் தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் முதலில் வயிற்றுக்கடுப்பு என்று தவறாகக் கணிக்கப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவரான அக்காள் தங்கையின் படுக்கையருகே கைபிசைந்து நிற்க நேர்ந்தது. அவருடைய பொதுவாழ்வைப் பேசும்போது சட்டமன்றச் சாதனைகளையே சொல்வது வழக்கம். இந்தப் படுக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவருமானார். கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்துக்கு எதிராக வாதாடினார். அதைத் தடுக்கும் முழுமையான சட்டம் 1947-இல்தான் வந்தது. காந்தி கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவி விலகினார். போக்கிடமின்றி வந்த சிறுமிகளுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

தங்கைக்காகத் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை முயற்சி முப்பதாண்டுகள் நீண்டது. புற்றுநோய் என்றால் மரணமே என்று நம்பிய காலத்தில், இந்திய மாதர் சங்கத்தினருடன் நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாறு மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு சேர்ந்த மருத்துவர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர்.